புள்ளி சுரண்டிய ராத்திரி

போன மாதம் ஆம்பூரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தபாலில் இல்லை, வாட்ஸப்பில். மேலே உருது, நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். எங்கள் ஊர்ப் பக்கம் பத்திரிகை என்றால் அப்படித்தான். மணமகன் யார், மணமகள் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் என் கண் நேராக உருதுப் பகுதியின் கடைசி வரிக்குப் போனது. அங்கே ஒரு குறிப்பிட்ட எழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அப்பாடா!

எனக்கு உருது படிக்கத் தெரியாது. பேசினால் பாதி புரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிற வியாதி இது. ஆரம்பித்தது 2001-இல்.

அந்த வருஷம்தான் பி.காம் முடித்தேன். அப்பா ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கும் அங்கேயே ஒரு நாற்காலி தயாராக இருந்தது. சுண்ணாம்பில் ஊறும் தோலின் வாசனை அப்பாவின் சட்டையில் ஏறி, வீட்டுத் தலையணை வரைக்கும் வந்துவிட்டிருந்ததால், ‘கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் கத்துக்கறேன்’ என்று சொல்லித் தப்பித்து, பஜாரில் ஒரு டி.டி.பி. கடையில் சேர்ந்தேன். (ஆம்பூர் அப்போது வேலூர் மாவட்டம். 2019-இலிருந்து திருப்பத்தூர் மாவட்டம்.)

மாடிப்படிக்குக் கீழே பத்துக்கு எட்டில் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரின்டர், கம்ப்யூட்டருக்கு மட்டும் காற்று வீசும் ஒரு டேபிள் ஃபேன். பேஜ்மேக்கரில் தமிழ், இன்பேஜில் உருது.

தமிழ் அடிப்பதே அன்றைக்குப் பெரும்பாடு. ஆளுக்கொரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கொரு கீபோர்டு. ஒரு கடையில் அடித்ததை அடுத்த கடையில் திறந்தால் ஜிலேபி பிழிந்து வைத்த மாதிரி இருக்கும். 1999 பிப்ரவரியில் தமிழக அரசு சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடத்தி, ‘தமிழ்99’ கீபோர்டு, ‘டாம்’, ‘டாப்’ என்று எழுத்துக்குறித் தரங்கள் எல்லாம் முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவு எங்கள் மாடிப்படி வரைக்கும் வந்து சேரவில்லை.

தமிழுக்கே இந்தப் பாடு என்றால் உருதுவுக்கு? அந்த மொழியே தெரியாத என்னைத்தான் உட்கார வைத்திருந்தார் கடைக்காரர் பாய். கீபோர்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எதிரே எழுதி வைத்த தாளைப் பார்த்து, உருவத்துக்கு உருவம் தேடி அடிக்க வேண்டும். படம் பார்த்து வரைவது மாதிரிதான்.

அடித்ததைச் சரிபார்க்க உஸ்தாத் வருவார்.

*

அறுபது வயதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, வெள்ளைத் தொப்பி, ஜிப்பா பையில் நாணல் பேனா. ஊரில் எல்லோருக்கும் அவர் உஸ்தாத்தான். தொழிலால் அவர் காத்திப். அதாவது, கையால் உருது எழுதிக் கொடுப்பவர். முப்பத்தைந்து வருஷமாக ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தின் கல்யாணப் பத்திரிகை, மதரஸா சான்றிதழ், கூட்டத்து போஸ்டர் எல்லாம் அவர் கைதான். பட்டர் பேப்பரில் எழுதிக் கொடுப்பார். அப்படியே பிளேட் போட்டு அச்சடிப்பார்கள்.

கம்ப்யூட்டர் வந்ததும் அந்த வேலை நின்றுபோனது. மூன்று மணி நேரம் அவர் எழுதுகிற பக்கத்தை நாங்கள் முக்கால் மணியில் முடித்தோம். அதற்குப் பிறகு, நாங்கள் அடித்ததில் தப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு புரூஃபுக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பத்து ரூபாயை வாங்கும்போது அவர் எண்ணிப் பார்க்க மாட்டார். முகத்தையும் பார்க்க மாட்டார்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேன், “உஸ்தாத், இதை ஏன் இப்படிச் சாய்ச்சுச் சாய்ச்சு எழுதறீங்க? நேரா எழுதினா ஈஸியா இருக்குமே?”

சிரித்தார். “உங்க தமிழ் எழுத்து லைன் வீடு தம்பி. ஒண்ணு பக்கத்துல ஒண்ணு, அது அது பாட்டுக்கு நிக்கும். எங்களுது மாடிப்படி. கையைப் பிடிச்சிக்கிட்டு மேலேர்ந்து எறங்கி வரும்.”

நஸ்தலீக் என்று அதற்குப் பெயர். பதினான்காம் நூற்றாண்டு ஈரானில் உருவான எழுத்து முறை. அரபிப் புத்தகங்களில் நாம் பார்க்கிற நஸ்க் எழுத்து ஒரு கோட்டில் படுத்திருக்கும். நஸ்தலீக் அப்படியில்லை. ஒவ்வொரு சொல்லும் வலது மேல்மூலையில் தொடங்கி இடது கீழ்மூலைக்குச் சரிந்து இறங்கும். கண்ணுக்கு இது சங்கீதம். ஃபான்ட் செய்கிறவருக்குத் தலைவலி.

ஏன் என்று உஸ்தாத் ஒரு கசங்கிய காகிதத்தில் வரைந்து காட்டினார். சொல்லின் கடைசி எழுத்துதான் கோட்டில் உட்காரும். அப்படியானால் முதல் எழுத்தை எவ்வளவு உயரத்தில் தொடங்குவது? பின்னால் எத்தனை எழுத்து கைகோத்து வரப்போகிறது என்று தெரிந்தால்தான் முடிவு செய்ய முடியும். மனிதன் எழுதும்போது முழுச் சொல்லும் மனசில் இருக்கிறது. மெஷினுக்கு? ஒவ்வொரு எழுத்தாகத்தானே தட்டுகிறோம்.

அடுத்தது உருவம். பக்கத்தில் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே எழுத்து வேறு வேறு வேஷம் போடும். சொல்லின் தொடக்கத்தில் பல எழுத்துக்கள் வெறும் ஒரு பல் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்தப் பல்லுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் ‘ப’வின் அழுத்தமான ஒலி, மூன்று வைத்தால் மெல்லிய ‘ப’, மேலே ஒன்று வைத்தால் ‘ந’, இரண்டு வைத்தால் ‘த’. பல் ஒன்றுதான். புள்ளிதான் ஆளை அடையாளம் காட்டும். இந்தச் சரிவில் ஒரு எழுத்தின் புள்ளி இன்னொரு எழுத்தின் வளைவில் இடிக்கும். காத்திப் அதை ஒரு நூலளவு தள்ளி வைப்பார். எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளுவது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கை சொல்லும்.

“இன்னொண்ணு தெரியுமா? எங்களுக்கு ஸ்கேலே புள்ளிதான்” என்றார். நாணல் பேனாவை ஒரு முறை அழுத்தி எடுத்தால் சாய்சதுரமாக விழுகிறதே, அந்தப் புள்ளி. எழுத்தின் உயரம், வயிற்றின் அகலம் எல்லாம் இத்தனை புள்ளி என்று கணக்கு. நான் படித்த பி.காமில் எல்லாவற்றுக்கும் அளவு ரூபாய். இவருக்குப் புள்ளி.

*

இதனால்தான் ஈய எழுத்துக்கள் உலகத்தையே மாற்றியபோதும் உருது பிடிகொடுக்கவில்லை. ஹைதராபாத் நிஜாம் காலத்தில் நஸ்தலீக்கை ஈயத்தில் வார்த்துப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை. உருதுவைக் காப்பாற்றியது கல்லச்சு. காத்திப் தனி மையில் தாளில் எழுதுவார், அதைக் கல்லுக்கு மாற்றி அச்சடிப்பார்கள். 1858-இல் தொடங்கிய லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் இப்படித்தான் ஆயிரக்கணக்கில் புத்தகம் போட்டது. அச்சு வந்தும் கையெழுத்துக்காரர்கள் வேலை இழக்காத அதிசயம் அது.

அதை உடைத்தவர் கராச்சிக்காரரான மிர்சா அகமது ஜமீல். அவரும் ஓர் எழுத்துக் கலைஞர்தான். இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனத்தோடு சேர்ந்து 1981-இல் ‘நூரி நஸ்தலீக்’கைக் கொண்டுவந்தார். அவர் செய்த யுக்தி எனக்கு உடனே புரிந்தது. வட்டிக்கணக்கு போடத் தெரியாத குமாஸ்தாவிடம் என்ன செய்வோம்? சூத்திரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டோம். கையில் ஒரு ரெடி ரெக்கனரைக் கொடுத்துவிடுவோம். இந்தத் தொகைக்கு, இந்த மாதத்துக்கு, இவ்வளவு வட்டி. பார்த்து எழுது, முடிந்தது.

ஜமீல் செய்ததும் அதுதான். எழுத்துக்கள் எப்படிச் சேரும் என்ற விதியை மெஷினுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. உருதுவில் வரக்கூடிய சேர்க்கைகளை முழுசு முழுசாக அவரே கையால் எழுதினார். சுமார் 20,000 சேர்க்கைகள்! அவ்வளவும் மெஷினுக்குள் போயின. லாகூரின் ‘ஜங்’ நாளிதழ் அந்த வருஷமே அதில் வெளிவந்தது. பிறகு 1994-இல் டெல்லிக்காரர்கள் இன்பேஜ் மென்பொருளைக் கொண்டுவர, அந்த 20,000 வளைவுகள் எங்கள் மாடிப்படிக்கு அடியில் வந்து இறங்கின.

அன்றைய ஃபான்ட் ஒன்றில் 256 இடம்தான். 247 எழுத்துள்ள தமிழையே கொம்பு தனி, கால் தனி என்று பிரித்துத்தான் உள்ளே போட்டிருந்தார்கள். 20,000 எப்படி அடங்கும்? அதனால் ஒரே எழுத்துருவை டஜன் கணக்கான கோப்புகளாகப் பிரித்து, 01, 02 என்று நம்பர் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு தடவை டிஸ்க்கில் இடம் இல்லையே என்று நான் பாதியை அழித்துவிட்டு வாங்கிய திட்டைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

*

அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

ஒரு தோல் வியாபாரி வீட்டுக் கல்யாணம். 400 பத்திரிகை, தந்த நிற அட்டையில் பச்சை மை. பாய் அட்டை வாங்கச் சென்னைக்குப் போயிருந்தார். அன்றைக்கு உஸ்தாத்துக்குக் காய்ச்சல், வரவில்லை. ‘ஒரு பத்திரிகைதானே, தாளைப் பார்த்துத்தானே அடித்தேன்’ என்று நானே முடிவு செய்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பத்து ரூபாயைக் கடைக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்ததில் மனசுக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. மறைப்பானேன்?

அடுத்த நாள் சாயங்காலம் கட்டுக் கட்டாகப் பத்திரிகை வந்து இறங்கியது. காலை எட்டு மணிக்கு டெலிவரி. ராத்திரித் தொழுகை முடிந்து, காதில் மஃப்ளரோடு உஸ்தாத் கடைக்கு வந்தார். ஒன்றை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை.

“தம்பி, ஷட்டரைப் பாதி இறக்கு.”

பத்திரிகையின் அடியில், பெண்ணின் அப்பா பெயருக்கு மேலே, ‘தாலிபே துஆ’ என்று இருக்க வேண்டும். உங்கள் பிரார்த்தனையை வேண்டி நிற்பவர் என்று அர்த்தம். துஆவின் நடுவில் ஐன் என்ற எழுத்து. அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அது கைன் என்ற வேறு எழுத்து. சொல் ‘தகா’ ஆகிவிடும். தகா என்றால் வஞ்சகம்.

ஊரில் பெரிய மனிதர். 400 பத்திரிகையிலும் ‘வஞ்சகத்தை வேண்டி நிற்பவர்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

கை கால் நடுங்கியது. மறுபடி அடிக்க நேரமும் இல்லை, அட்டையும் இல்லை. உஸ்தாத் ஒரு சவர பிளேடு வாங்கி வரச் சொன்னார். அதைக் குறுக்கே இரண்டாக உடைத்தார். பத்திரிகையை விளக்கடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிளேடின் மூலையால் அந்தப் புள்ளியை மூன்றே தடவை வருடினார். பச்சைத் தூள் எழும்பியது. ஊதினார். நகத்தின் பின்பக்கத்தால் தேய்த்தார். புள்ளி இருந்த இடமே தெரியவில்லை.

“நான் ஒண்ணு பண்றேன் உஸ்தாத்” என்று வாங்கினேன். அட்டையே கிழிந்தது.

“நீ ஊது, போதும்.”

வாழ்நாள் முழுக்கப் புள்ளி வைத்த மனிதர் அன்றைக்கு விடிய விடியப் புள்ளியை எடுத்துக்கொண்டிருந்தார். காய்ச்சலோடு. தூக்கம் வராமல் இருக்க நான் ஏதேதோ பேசினேன். தமிழிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு, தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது, ஆனால் ஓலை கிழிந்துவிடும் என்று ஏடு எழுதியவர்கள் புள்ளியே வைக்க மாட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன்.

“அப்போ எப்படிப் படிப்பாங்க?”

“இடம் பார்த்துப் புரிஞ்சிக்கணும்.”

“நல்ல ஜனங்க” என்றார் பிளேடை நிறுத்தாமல்.

பாதி ராத்திரியில், கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன். “நான் தப்பா அடிச்சதை நானே ரெண்டு தடவை பார்த்தேன் உஸ்தாத். தப்பு மாதிரியே தெரியலையே?”

“எப்படித் தெரியும்? நான் எழுதும்போது சந்தேகம் இருந்தா கை கொஞ்சம் தயங்கும். அந்த எழுத்து நோஞ்சானா விழும். பார்க்கறவனுக்குச் சந்தேகம் வரும். இது மெஷினு. தப்பையும் அவ்வளவு அழகா எழுதும்.”

பஜ்ர் தொழுகைக்கு பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் முடித்தோம். எண்ணினேன். 399. நான் கிழித்தது ஒன்று. டிரயல் பேலன்ஸ் ஒன்றில் இடித்தது. உஸ்தாத் அந்தக் கிழிந்த பத்திரிகையைத் திருப்பி, வெறும் பக்கத்தில் நாணல் பேனாவால் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். துஆ. “இதைப் பார்த்து வெச்சிக்கோ. இனிமே தப்பு வராது” என்று என்னிடம் கொடுத்தார்.

பாய் சென்னையிலிருந்து திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உஸ்தாத்துக்கு நூறு ரூபாய் கொடுக்கப்போனார். உஸ்தாத் பத்து ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு புரூஃபுக்கு அதுதானே ரேட்டு.

*

பிறகு நான் பத்திரிகை வேலைக்குச் சென்னை வந்துவிட்டேன். திருவல்லிக்கேணியில், வாலாஜா மசூதிப் பக்கம், ‘தி முசல்மான்’ அலுவலகத்தைத் தேடிப்போய் வாசலில் நின்றிருக்கிறேன். 1927-இல் சையத் அஸ்மத்துல்லா தொடங்கிய உருது மாலை நாளிதழ். கம்ப்யூட்டர் எல்லாப் பத்திரிகைக்கும் வந்த பிறகும் காத்திப்கள் உட்கார்ந்து பக்கம் முழுக்கக் கையால் எழுதி அச்சுக்கு அனுப்பினார்கள். கடைசி நேரச் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டு வைப்பார்களாம். அவருடைய மகன் சையத் ஃபஸ்லுல்லா 2008-இல் மறைந்தார். அவருக்குப் பிறகு மகன் சையத் ஆரிஃபுல்லா பொறுப்பேற்றார். வெளிநாட்டு டி.வி.க்காரர்கள் எல்லாம் அந்தச் சின்ன அறையைப் படம் பிடித்துப் போனார்கள். ‘உலகின் கடைசிக் கையெழுத்து நாளிதழ்’ என்று எழுதினார்கள். ஆம்பூரில் என் உஸ்தாத்தை யாரும் படம் பிடிக்கவில்லை.

ஃபான்ட் செய்பவர்கள் அதற்குள் ரெடி ரெக்கனரை விட்டு சூத்திரத்துக்கு வந்துவிட்டார்கள். யூனிகோடில் எழுத்துக்கு மட்டும்தான் எண். அது நஸ்க்காகப் படுத்திருக்குமா, நஸ்தலீக்காகச் சரியுமா என்பது ஃபான்ட்டின் பொறுப்பு. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் எந்த உருவம், எவ்வளவு உயரம், இடித்தால் புள்ளியை எங்கே தள்ளுவது என்று ஆயிரக்கணக்கான விதிகளை எழுதி உள்ளே வைக்கிறார்கள். உஸ்தாத்தின் கைக்கு மட்டும் தெரிந்த அதே விஷயம். 2012-இல் விண்டோஸ் 8-உடன் ஒரு நஸ்தலீக் வந்தது. 2014-இல் கூகுளின் ‘நோட்டோ நஸ்தலீக் உருது’ இலவசமாக வந்தது. 2017-இல் ஐபோனும் உருதுவை நஸ்தலீக்கில் காட்டத் தொடங்கியது. அதுவரைக்கும் போனில் உருது படுத்தேதான் கிடந்தது. பலர் அலுத்துப்போய் ஆங்கில எழுத்திலேயே உருதுவை அடிக்கப் பழகிவிட்டார்கள். நம் பிள்ளைகள் தமிழை அடிக்கிற மாதிரியே.

போனுக்குள் நஸ்தலீக் வந்தது பெரிய காரியம். அது இல்லாமல் இருந்திருந்தால் அடுத்த தலைமுறை அந்த எழுத்தையே கைவிட்டிருக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கணக்குப் படித்தவன் வரவு எழுதினால் பற்றும் எழுத வேண்டும். ஃபான்ட் என்பது மெஷினின் எழுத்து இல்லை. யாரோ ஒருவருடைய கை. நூரியில் அடித்த ஒவ்வொரு பத்திரிகையும் ஜமீலின் கையெழுத்து. லக்னோவுக்கு ஒரு சரிவு, ஹைதராபாத்துக்கு ஒரு வளைவு, எங்கள் ஆம்பூருக்கு உஸ்தாத்தின் கை என்று இருந்ததெல்லாம் போய், எல்லோரும் ஒரே கையால் எழுத ஆரம்பித்தோம். தமிழில் மட்டும் என்ன? போஸ்டர் எழுதியவர்கள், போர்டு எழுதியவர்கள் கையெல்லாம் எந்த ஃபான்ட்டில் இருக்கிறது?

உஸ்தாத் 2009-இல் காலமானார். நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவர் எழுதிய பட்டர் பேப்பர்களைப் பற்றி விசாரித்தேன். கரையான் அரித்து, வீடு மாறும்போது போட்டுவிட்டார்களாம்.

போன மாதம் வாட்ஸப் பத்திரிகையைப் பார்த்த பிறகு, பீரோவிலிருந்து அந்தக் கிழிந்த அட்டையைத் தேடி எடுத்தேன். போனையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போனில் இருப்பது குறையே இல்லாத எழுத்து. உஸ்தாத்தின் ஐன் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாயைத் திறந்திருக்கிறது. காய்ச்சலாலா, தூக்கத்தாலா, இல்லை அதுதான் அவர் கையா, தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் என்னிடம் இல்லை.

துஆ என்பதில் எழுத்து மூன்று. 20,000 வேண்டும், ஒரு ஃபான்ட் செய்ய.